‘மூன்று மடங்கு’ என்று சொல்வதற்கு முன்: பால்வினை நோயில் இன இடைவெளியை ஆண்டு வாரியாக அளப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து கைப்பேசியை நீட்டினான். "அக்கா, இது நெசமா?" வாட்ஸ்அப்பில் சுற்றும் படம். சிவப்பு எழுத்தில், இந்தியர்களிடம் பால்வினை நோய் மூன்று மடங்கு. அவ்வளவுதான். யாரைவிட மூன்று மடங்கு, எந்த நோய், எந்த ஆண்டு, எத்தனை பேரைச் சோதித்துப் பார்த்ததில், எதுவுமே இல்லை. தன் வீட்டை யாரோ தெருவில் வைத்துத் திட்டியதைப் போல அவன் முகம் சுருங்கியிருந்தது.

அன்று இரவு அவனோடு உட்கார்ந்து போட ஆரம்பித்த கணக்குத்தான் இது. உங்களிடம் கணினியில் ஓர் எக்செல் தாளும் பொறுமையும் இருந்தால் போதும். இதில் வரும் நோய் எண்ணிக்கைகள் எல்லாம் விளக்கத்துக்காக நானே போட்ட கற்பனை எண்கள், எந்த மாவட்டத்தின் உண்மை நிலவரமும் இல்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

கீழே இருக்கும் எண்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் பால் நிறுக்கும்போது ஒருவர் வாளியில் இருபது கிலோ, இன்னொருவர் வாளியில் பன்னிரண்டு கிலோ என்றால், யார் நன்றாக வெட்டினார்கள் என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) உடனே முடிவு செய்யமாட்டார். யார் நிரையில் எத்தனை மரம் என்று கேட்பார். நோய்க் கணக்கிலும் அதே கேள்விதான். சம்பவங்களின், அதாவது நோய் கண்டறியப்பட்டவர்களின், எண்ணிக்கை மேலே, அந்த இனத்தின் மக்கள்தொகை கீழே, வகுத்து வருவதை ஒரு லட்சத்தால் பெருக்கினால் அதுதான் வீதம். வீதம் என்பது ஒரு குழுவுக்குள் எத்தனை பேருக்கு நோய் என்பது. விகிதம் என்பது இரண்டு வீதங்களை ஒன்றோடு ஒன்று வகுத்து வருவது. இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டே பாதிக் குழப்பம் வருகிறது.

மேலே இருக்கும் எண், 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (சட்டம் 342) கீழ் மருத்துவர்கள் அறிவித்தே ஆகவேண்டிய நோய்களிலிருந்து வருகிறது. கொனோரியா (நம் ஊர்ப் பேச்சில் வெட்டை), சிபிலிஸ், எச்ஐவி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி ‘பால்வினை நோய்’ என்று ஒரே எண்ணாக ஆக்கிவிடாதீர்கள். கொனோரியா பிடித்தால் பெரும்பாலான ஆண்களுக்குச் சில நாளிலேயே எரிச்சல் தெரிந்துவிடும், ஓடி வருவார்கள். சிபிலிஸ் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். இந்த ஆண்டு கண்டுபிடித்த சிபிலிஸ் பத்து ஆண்டுக்கு முன் பிடித்ததாகவும் இருக்கலாம். ஆகவே சிபிலிஸுக்கு முதல், இரண்டாம் கட்டச் சம்பவங்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். காலப்போக்கைக் காட்டுவது அவைதான்.

மக்கள்தொகைக்குப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளம் இருக்கிறது. மாவட்டம், இனம், வயது, பாலினம் என்று பிரித்தே கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: சுங்கை சிப்புட் தனி மாவட்டம் இல்லை, கோலகங்சார் மாவட்டத்துக்குள் வருகிறது. நீங்கள் வகுப்பது மாவட்டத்தின் மக்கள்தொகை என்றால், மேலே வைப்பதும் மாவட்டத்தின் சம்பவங்களாகத்தான் இருக்கவேண்டும். ஊர் கிளினிக் எண்ணை மேலே வைத்து மாவட்ட மக்கள்தொகையைக் கீழே வைத்தால் வீதம் பாதியாகக்கூடத் தெரியும், யாருக்கும் சந்தேகமே வராது.

பல ஆண்டுகளுக்குக் கணக்குப் போடும்போது பழைய மக்கள்தொகையையே எல்லா ஆண்டுக்கும் வைப்பது இன்னொரு பெரிய தவறு. 2010 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7. தோட்டப் பகுதிகளில் மாற்றம் இன்னும் கூர்மை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாயின, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். ஒரு மாவட்டத்திலிருந்து இந்தியர்கள் வெளியேறியபிறகும் பழைய எண்ணால் வகுத்தால் நோய் குறைந்ததைப் போலக் காட்டும். அவர்கள் போய்ச் சேர்ந்த மாவட்டத்தில் ஏறியதைப் போலக் காட்டும். நோய் மாறவே இல்லை, குடும்பங்கள்தான் லாரியில் சாமான் ஏற்றிப் போயின.

யார் எந்தக் கட்டத்தில்

‘இனம்’ என்ற கட்டத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் முன் மேசையில் இருப்பவர் அடையாள அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து நிரப்புகிறார். இந்திய முஸ்லிம் ஒருவர் ஒரு கிளினிக்கில் இந்தியர், இன்னொன்றில் மலாய்க்காரர். கலப்புத் திருமணக் குழந்தைக்குப் பெரும்பாலும் அப்பாவின் இனம். சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் வாழும் டெமியார் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள், மலாய்க்காரர்களையும் சேர்த்த ‘பூமிபுத்ரா’ என்ற பெரிய பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். அவர்களின் நிலைமை நல்லதோ கெட்டதோ, அந்தப் பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாது. ‘இந்தியர்’ என்பதும் தோட்டத்துக் குடும்பத்தையும் கோலாலம்பூர் வழக்கறிஞர் குடும்பத்தையும் ஒன்றாகப் போட்ட பெட்டிதான்.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. அமெரிக்காவில் 1997இல் விதி மாறி, 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்றானது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒரே கோட்டில் இழுக்க முடியாது. மேலே ஒரு வகைப்பாடு, கீழே ஒரு வகைப்பாடு என்று இருக்கக்கூடாது. வகைப்பாடு மாறிய ஆண்டில் வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள்.

இனம் குறிக்காத சம்பவங்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம், எல்லா இனத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு மறைக்கவும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை விழுக்காடு என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். அந்த விழுக்காடு ஐந்து ஆண்டில் இருபதிலிருந்து நாலுக்கு இறங்கியிருந்தால், எல்லா இனத்தின் வீதமும் அதனாலேயே ஏறித் தெரியும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தனி விஷயம். இன்று தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நிற்பவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் ஃபோமேமா என்ற, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவச் சோதனைக்குப் போகிறார்கள், அதில் எச்ஐவி, சிபிலிஸ் இரண்டும் உண்டு. ஆக அவர்களிடம் தேடிப் பார்க்கிறோம், மற்றவர்கள் எல்லாரிடமும் அப்படித் தேடுவதில்லை. குடியுரிமை இல்லாதவர்களைக் குடிமக்களின் இனக் கணக்கில் கலக்காமல் தனி வரியாக வையுங்கள்.

தேடினால்தான் கிடைக்கும்

எனக்கு இதுதான் முழுக் கணக்கிலும் முக்கியமான இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மழைக் காலத்தில் பால் குறையும். மரம் வற்றிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? வெட்டு இல்லை, அதனால் பால் இல்லை. நோய்க் கணக்கில் வெட்டுக்குச் சமம் சோதனை. முஸ்லிம் தம்பதிகளுக்குத் திருமணத்துக்கு முன் எச்ஐவி சோதனை ஜொகூரில் 2001இல் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மற்ற சமயத்தவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி சோதனை 1998இலிருந்து நாடு முழுவதும் நடக்கிறது, சிபிலிஸுக்கும் பார்க்கிறார்கள். அந்த உழைப்பின் பலனாகத்தான் 2018இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடாக. ஆனால் இதன் பொருள், ஒரு பெண்ணின் சிபிலிஸ் கண்ணில் படுவதும் அவள் கணவனுடையது படாமல் போவதும் சோதனை எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த இனத்துப் பெண்கள் அதிகம் பிள்ளை பெறுகிறார்களோ, எந்த இனத்தார் அதிகம் அரசாங்க கிளினிக்குக்கு வருகிறார்களோ, அவர்களிடம் அதிகம் ‘கிடைக்கும்’.

ஆகவே ஒவ்வோர் இனத்துக்கும் சோதனை எண்ணிக்கையைக் கேளுங்கள். கிடைத்தால், சோதித்தவர்களில் எத்தனை விழுக்காட்டுக்கு நோய் என்பதை வீதத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வீதம் ஏறுகிறது, சோதனையும் ஏறுகிறது, நோய் உறுதியான விழுக்காடு இறங்குகிறது என்றால், தேடல் கூடியதால் எண் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். வீதம் அப்படியே இருக்கிறது, சோதனை சரிகிறது, அந்த விழுக்காடு மட்டும் ஏறுகிறது என்றால் எனக்குக் கவலை வரும். இந்த விழுக்காடு மட்டுமே போதும் என்றும் நினைக்கவேண்டாம், அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதிக்கும் கிளினிக்கில் அது இயல்பாகவே உயரமாக இருக்கும்.

சோதனை முறை மாறிய ஆண்டையும் கேட்டு எழுதுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறையிலிருந்து மரபணுவைத் தேடும் புதிய முறைக்குப் போன ஆய்வுக்கூடம் அதே மக்களிடம் கூடுதல் கொனோரியாவைக் கண்டுபிடிக்கும். அப்புறம் 2020. மார்ச் 18இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, கிளினிக்குக்குப் போவதே பெரும்பாடு. அந்த ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக வைத்து ‘ஏறிவிட்டது’ என்று யார் சொன்னாலும், 2017லிருந்து காட்டச் சொல்லுங்கள்.

எந்த அளவுகோல்

இப்போது இடைவெளி. இரண்டு வீதத்தை ஒப்பிட இரண்டு வழி: வகுக்கலாம், கழிக்கலாம். வகுத்தால் விகிதம், கழித்தால் வித்தியாசம். ஒரு குழுவில் லட்சத்துக்கு 30, இன்னொன்றில் 10 என்று வையுங்கள். விகிதம் 3, வித்தியாசம் 20. பத்து ஆண்டு கழித்து 80உம் 40உம். விகிதம் 2 ஆகிவிட்டது, ‘இடைவெளி குறைந்தது’ என்று ஒருவர் அறிக்கை எழுதலாம். வித்தியாசம் 40 ஆகிவிட்டது, ‘இடைவெளி இரட்டிப்பானது’ என்று இன்னொருவர் எழுதலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு குழுவுக்கும் நோய் பெருகியிருக்கிறது என்பது இரண்டு அறிக்கையிலும் காணாமல் போகலாம். அதனால் நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் பிடிவாதமாகச் சொல்வது: விகிதம், வித்தியாசம், இரண்டு வீதங்கள், நான்கும் ஒரே வரியில். ஒன்றை மட்டும் எடுத்துப் படம் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

இரண்டு குழுவுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சுருக்கும் வழியும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பியர்சி, கென்னத் கெப்பல் இருவரும் முன்வைத்த ஏற்றத்தாழ்வுக் குறியீடு அதில் பெயர்பெற்றது. சுகாதார ஏற்றத்தாழ்வை ஒழிப்பதையே 2010க்கான தேசிய இலக்குகளில் ஒன்றாக அந்த நாடு அப்போது வைத்திருந்தது, முன்னேறுகிறோமா என்று பார்க்க அளவுகோல் தேவைப்பட்டது.

போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் பேர் உள்ள ஓர் ஊர். அ குழு 3 லட்சம் பேர், 36 சம்பவம், வீதம் 12. ஆ குழு 1.5 லட்சம், 27 சம்பவம், வீதம் 18. இ குழு 50,000 பேர், 15 சம்பவம், வீதம் 30. மொத்தம் 78, வீதம் 15.6. ஒவ்வொரு குழுவும் 15.6இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? 3.6, 2.4, 14.4. கூட்டினால் 20.4, மூன்றால் வகுத்தால் 6.8. அதை 15.6ஆல் வகுத்தால் 43.6 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் இதைப் போட்டு வரிசையாக வைத்தால் மொத்த ஏற்றத்தாழ்வின் போக்கு தெரியும். இதன் குறை: 3 லட்சம் பேருக்கும் 50,000 பேருக்கும் ஒரே எடை. சிறிய குழுவில் நாலு பேர் கூடினால் குறியீடே ஆடும்.

அதனால் எனக்குப் பிடித்தது அடுத்த கணக்கு. எல்லாருக்கும் மிகக் குறைந்த வீதமான 12 மட்டும் இருந்திருந்தால் இந்த ஊரில் எத்தனை சம்பவம்? 60. இருப்பது 78. அதிகப்படி 18, மொத்தத்தில் 23 விழுக்காடு. அந்தப் பதினெட்டில் இ குழுவுக்கு 9, ஆ குழுவுக்கும் 9. கவனித்தீர்களா? விகிதம் மட்டும் பார்த்தால் இ குழு 2.5 மடங்கு என்று எல்லா விரலும் அந்தப் பக்கம் நீளும், ஆ குழுவின் 1.5ஐ யாரும் பேசமாட்டார்கள். தவிர்த்திருக்கக்கூடிய நோயாளிகள் இரண்டு பக்கமும் சமம். ‘மூன்று மடங்கு’ படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசி ஆண்டு வரை மாற்றாதீர்கள். ‘ஒவ்வோர் ஆண்டும் மிகக் குறைந்தது எதுவோ அது’ என்று வைத்தால் ஒரு ஆண்டு ஒரு இனம், மறு ஆண்டு வேறு இனம் என்று அளவுகோலே நகர்ந்துகொண்டிருக்கும்.

வயதையும் விடக்கூடாது. இந்த நோய்கள் இளைஞர்களிடம்தான் அதிகம். ஒரு இனத்தில் இளைஞர் பங்கு கூடுதல் என்றால் அதன் மொத்த வீதமும் கூடும். முதல் வேலையாக 15–29, 30–49 என்று பிரித்து, ஆண் பெண் தனியாக வீதம் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். முழுமையாகச் செய்ய விரும்பினால் உலகச் சுகாதார நிறுவனத்தின் தர மக்கள்தொகை எடைகளை எடுத்து, எல்லா இனத்துக்கும் எல்லா ஆண்டுக்கும் அதே எடையைப் போட்டு, வயது வேறுபாட்டின் விளைவை நீக்கும் வயதுச் சீராக்கம் செய்யலாம்.

சின்ன எண்ணோடு

நம்முடைய மாவட்டங்களில் இந்தியர் எண்ணிக்கை சிறியது. 20,000 பேரில் ஒரு ஆண்டு 4 சம்பவம், மறு ஆண்டு 8. வீதம் 20லிருந்து 40. ‘இரட்டிப்பு!’ என்று தலைப்புப் போட ஆள் இருக்கிறது. ஆனால் தற்செயலால் மட்டுமே 4 என்பது 1லிருந்து 10 வரை எதனுடைய நிழலாகவும் இருக்கலாம், 8 என்பது 3.5லிருந்து 16 வரை. இரண்டு எல்லையும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடுங்கள், ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஆண்டு நகர்ந்து.

விகிதத்துக்கும் எல்லை போடுங்கள். மேலே சொன்ன 2.5க்கு: 1ஐ 15ஆல் வகுத்தது, 1ஐ 36ஆல் வகுத்தது, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.307. அதை 1.96ஆல் (95 விழுக்காடு நம்பிக்கை எல்லைக்கான எண்) பெருக்கி, எக்செலில் எக்ஸ்ப் (EXP) சார்பில் போட்டால் ஏறத்தாழ 1.83. 2.5ஐ அதனால் வகுத்தால் 1.4, பெருக்கினால் 4.6. ஆக உண்மையான இடைவெளி 1.4 மடங்கிலிருந்து 4.6 மடங்குக்குள் எங்கோ. இதை எழுதாமல் 2.5 என்று மட்டும் எழுதுவது நியாயம் இல்லை.

வரைபடம் இரண்டு போடுங்கள். சாதாரண அளவில் ஒன்று, மடக்கை (லாக்) அளவில் ஒன்று. மடக்கை வரைபடத்தில் கோடுகள் இணையாக ஓடினால் விகிதம் மாறவில்லை என்று பொருள். சாதாரண வரைபடத்தில் இணையாக ஓடினால் வித்தியாசம் மாறவில்லை. கண்ணால் பார்த்தே தம்பிக்குப் புரிந்துவிட்டது.

ஐந்துக்குக் கீழே உள்ள எந்தக் கட்டத்தையும் வெளியில் காட்டாதீர்கள். அறுபது வீடு உள்ள லயத்தில், ‘இந்தியப் பெண், 20–24 வயது, 1’ என்று எழுதினால் அது புள்ளிவிவரம் இல்லை, ஒரு பிள்ளையின் பெயர். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) அறையின் வாசலில் ஒரு பெண் இரண்டு நாள் தொடர்ந்து நின்றதற்கே தண்ணீர்க் குழாயடியில் கதை கட்டினார்கள். அவள் அடுத்த வாரம் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டாள், என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. கட்டத்தைக் காலியாக விடுங்கள் அல்லது ஆண்டுகளைச் சேருங்கள். மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டத்தையும் மறைக்கவேண்டியிருக்கும்.

இடைவெளி உண்மையாகவே இருக்கிறது என்று தெரிந்தாலும் அது இரத்தத்தில் இல்லை. சின்ன சமூகத்தில் துணைகள் ஒரே வட்டத்துக்குள்ளேயே அமைகிறார்கள், அந்த வட்டத்தில் நோய் ஏற்கெனவே அதிகம் என்றால், மற்றவர்களைப் போலவே நடந்துகொள்பவருக்கும் ஆபத்து அதிகம். சிகிச்சை தாமதமானால் தொற்றும் நாட்கள் நீளும். அமெரிக்க ஆய்வுகளிலும் தனிமனித நடத்தை மட்டும் கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கவில்லை. அட்டவணைக்குக் கீழே இந்த இரண்டு வரியை எழுதாமல் எண்ணை யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை. அட்டவணையை வெளியே கொடுக்கும் முன், அதில் எண்ணப்பட்ட மக்களில் நாலு பேரிடம் காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது, முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஓர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இது பகல்ல தொறக்கிற கவர்மெண்ட் கிளினிக்கு கணக்குதானே? எங்க பசங்க அங்க போனா ஒரு நாள் சம்பளம் போயிரும்யா. ராத்திரி டவுனுக்குப் போயி காசு குடுத்து ஊசி போட்டுட்டு வந்துருவாங்க. அங்க யாரு பேரு எழுதுறா?" தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தனியார் கிளினிக்குகளும் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். எத்தனை அறிவிப்பு அங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை. இப்போது எங்கள் தாளில் பத்துப் பத்திகளுக்குப் பக்கத்தில் பதினோராவதாக ஒன்று இருக்கிறது: அறிவித்தது அரசாங்க கிளினிக்கா, தனியாரா, இனவாரியாக, ஆண்டு வாரியாக. பாதிக் கட்டங்கள் இன்னும் காலி, கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.